உள்பக்கத் தாழ்ப்பாள்

இன்ஸ்பெக்டர் அம்மா கேட்டது ஒரே ஒரு கேள்வி. அதைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காஜாக்காரி பேசினாள்.

“அந்தப் பொண்ணு எங்கே? பட்டன் தைக்கிறவ?” என்று இன்ஸ்பெக்டர் கேட்பார்.

“அண்ணன் மாத்திரை போட்டாரா மேடம்?” என்று காஜாக்காரி கேட்பாள்.

“எந்த அண்ணன்?”

“எங்க முதலாளிதான். அவருக்குச் சர்க்கரை இருக்கு. வெறும் வயித்துல ஒண்ணு போடணும், சாப்பிட்டதும் ஒண்ணு. விட்டுட்டா தலை சுத்தி விழுந்துடுவார். உங்க ஆளுங்க டப்பாவை எடுத்துட்டுப் போனாங்களான்னு கொஞ்சம் கேளுங்களேன்.”

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி மேசையில் வைத்தார். எரிச்சல் வராமல் என்ன செய்யும்? மாத்திரைக்காக இப்படித் துடிக்கிறவளின் இடது கைச் சுண்டுவிரல் ஒரு பக்கமாக வளைந்து கிடந்தது. அதை வளைத்தவன் அந்த அண்ணன்தான். அதையும் அவளே போகிற போக்கில் சொல்லியிருந்தாள், மழை பெய்தது என்று சொல்வது போல.

அவள் அவனை அண்ணன் என்பாள், வாங்க போங்க என்று பேசுவாள். கதை சொல்கிறவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. இங்கே அவன் வெறும் அவன்தான்.

திங்கட்கிழமை காலை போலீஸ் கடப்பாரையால் கதவைப் பெயர்த்துக்கொண்டு அந்தத் தையல் கூடத்துக்குள் நுழைந்தபோது, மற்றப் பெண்கள் மேசைக்கு அடியில் ஒளிந்தார்கள். காஜாக்காரி மட்டும் முதலாளிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றாள். தள்ளிவிட வந்த கான்ஸ்டபிளின் கையைக் கடித்தும் வைத்தாள். அவனுக்கு விலங்கு மாட்டினார்கள், பெண்களைக் காப்பகத்துக்கு அழைத்துப் போனார்கள். அதற்குப் பிறகுதான் ஓர் ஆள் குறைவது தெரிந்தது. பட்டன்காரியைக் காணோம். அவள் தானாகவே ஊருக்குப் போய்விட்டாள் என்று அவன் சாதித்தான். அவள் ஊருக்கு வரவில்லை என்று அவள் வீட்டார் சொன்னார்கள். மற்றப் பெண்களுக்கு அவள் இருக்கும் இடம் தெரியவில்லை. காஜாக்காரிக்குத் தெரியும் என்று மட்டும் எல்லோரும் கை காட்டினார்கள்.

அவளுக்குத் தெரியும்தான்.

அந்தக் கூடம் ஒரு கிடங்கின் மேல்மாடி. ஜன்னல்களை ஒட்டுப்பலகை வைத்து அடித்திருந்தார்கள். பகலா இரவா என்று தெரிவது பலகை இடுக்கில் வரும் கோடு போன்ற வெளிச்சத்தால்தான். கீழே இருந்து வெட்டிய துணி மூட்டையாக வரும், மேலே இருந்து தைத்த சட்டை மூட்டையாகப் போகும். சட்டையில் பட்டன் நுழைகிற ஓட்டையை வெட்டி விளிம்புக்கு நூல் கட்டுவதுதான் காஜா. அவள் கையிலிருந்து சட்டை பக்கத்து இருக்கைக்குப் போகும். அங்கே பட்டன்காரி பட்டன் வைப்பாள். காஜா ஒரு நூல் அளவு தள்ளிப் போனாலும் பட்டன் போட்டதும் சட்டை வாயைக் கோணிக்கொண்டு நிற்கும். அப்படி நின்றால் இரண்டு பேருக்கும் அடி. அதனால் இரண்டு பேரும் எலியும் பூனையுமாகத்தான் இருந்தார்கள், ஆனால் ஒரே போர்வைக்குள் படுத்தார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர்களை அவன் முதல் நாளே அடையாள அட்டைகளோடு வாங்கி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டான். பிறகு செய்கிற வேலையே பெயராகிவிட்டது.

அடிப்பது மர ஸ்கேலால். அதில் அவன் கஞ்சத்தனம் காட்டியதே இல்லை. ஆனால் மாலையில் களிம்புக் குப்பியோடு வருவான். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, தான் அடித்த இடத்தில் தானே தடவுவான். “என்னை ஏன் இப்படிப் பண்ண வைக்கிறீங்க? எனக்கு மட்டும் வலிக்காதா?” என்று கண் கலங்குவான். அடி வாங்கியவள் அடித்தவனைத் தேற்றுவாள். “பரவாயில்லண்ணே, தப்பு எங்க மேலதான்” என்பாள். இதை வெளியிலிருந்து கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும், கோபம் வரும். உள்ளே இருக்கிறவர்களுக்கு நாள் முழுக்க அந்த ஒரு களிம்பு நேரம்தான் வெளிச்சம். பசியைக் கொடுத்தவனும் அவன்தான், ரொட்டியைக் கொடுத்தவனும் அவன்தான். வயிற்றுக்கு ரொட்டி கொண்டுவந்த கைதான் நினைவிருக்கும்.

வெளியே போனால் போலீஸ் பிடிக்கும், பிடித்தால் என்ன செய்வார்கள் தெரியுமா என்று அவன் விலாவாரியாகச் சொல்லுவான். வீட்டுக்குப் போன் பண்ணிப் பார்த்தேன், உன்னை யாருமே கேட்கவில்லை என்பான். காஜாக்காரி விஷயத்தில் அது பொய்யுமில்லை. அவளைக் கேட்பதற்கு யாரும் உயிரோடு இல்லை. கேட்க ஆளில்லாதவளிடம் ஒருவன் தினமும் ‘சாப்பிட்டியா’ என்று கேட்டால், அந்தக் கேள்விக்கு அவள் எதை வேண்டுமானாலும் கொடுத்துவிடுவாள்.

ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல் கொளுத்தியது. மற்றவர்களுக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அவளை வண்டியில் எங்கோ கொண்டுபோனான். கட்டி முடிக்காத ஒரு அடுக்கு மாடிக் கட்டிடம், அதன் அடித்தளத்தில் ஒரு சின்ன அறை, இரும்புக் கதவு, ஒரு கட்டில், ஒரு தண்ணீர் டிரம். தினமும் அவனே ரொட்டி கொண்டுவருவான். நெற்றியில் ஈரத்துணி போடுவான். கிளம்பும்போது, “நான் வெளியே பூட்டிட்டுப் போறேன். நீ உள்ளே தாழ்ப்பாளைப் போட்டுக்கோ. என் குரல் இல்லாம யார் குரல் கேட்டாலும் திறக்காதே, கொன்னுடுவாங்க” என்பான். என் உயிரைப் பற்றி ஒருவன் இவ்வளவு கவலைப்படுகிறானே என்று அவளுக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோகும். உடம்பு தேறித் திரும்பும்போது வண்டியின் முன் சீட்டில் உட்கார வைத்தான். வழியில் நிறுத்திக் குளிர்பானம் வாங்கிக் கொடுத்தான். “இந்த இடம் நமக்குள்ள. வேற யாருக்கும் தெரியாது” என்றான். அன்றைக்கு அவளுக்குத் தலைகால் புரியவில்லை. பாலம், டயர் கடை, பெட்ரோல் நிலையம் என்று வழியெல்லாம் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே வந்தாள்.

போன மாதம் ஒரு மத்தியானம் அவன் கதவைப் பூட்ட மறந்துவிட்டான். யாரோ கூப்பிட, அவசரமாகக் கீழே இறங்கிப் போனவன் அப்படியே போய்விட்டான். பட்டன்காரிதான் முதலில் கவனித்தாள். எழுந்துபோய்க் கதவைத் தள்ளினாள். திறந்தது. படிக்கட்டும் அதற்குக் கீழே தெருவின் ஒரு துண்டும் தெரிந்தன. யாரோ ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

“ஏய், வாங்கடி. போயிடலாம்” என்றாள் பட்டன்காரி. குரலே எழும்பவில்லை அவளுக்கு.

யாரும் அசையவில்லை. எல்லோரும் காஜாக்காரியைப் பார்த்தார்கள். காஜாக்காரி எழுந்தாள், கதவருகே போனாள், கதவைச் சாத்தினாள். அதன்மேல் முதுகை வைத்து உட்கார்ந்துகொண்டாள்.

“உனக்கென்ன பைத்தியமா? தள்ளுடி.”

“அண்ணன் நம்மளை நம்பிட்டுப் போயிருக்கார். திருடன் கிருடன் வந்துட்டா?”

“திருடனா? இங்கே எடுக்கிறதுக்கு என்ன இருக்கு, உன் காஜாவா?”

அவன் திரும்பி வரும்வரை அவள் அங்கேயே காவல் இருந்தாள். வந்தவன் பூட்டாத கதவைப் பார்த்து வெளிறிப்போனான். உள்ளே எல்லோரும் குனிந்து தைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்ததும் உயிர் வந்தது. காஜாக்காரியின் தலையைத் தடவி, “நீதான்டா என் தங்கச்சி” என்றான். அந்தச் சொல்லின் மயக்கத்தில் அவள் வாய் தானாகத் திறந்தது. யார் எழுந்தாள், யார் கதவைத் தள்ளினாள், என்ன சொன்னாள் என்று ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டாள்.

அன்று ஸ்கேல் இல்லை, இரும்புக் குழாய். பட்டன்காரியின் காலில் அது இறங்கிய சத்தத்தை எல்லோரும் கேட்டார்கள். பிறகு அவளைத் தூக்கிக்கொண்டு போனான். ஆஸ்பத்திரிக்கு என்றான். காஜாக்காரிக்கு மட்டும், சின்ன அறைக்கு என்று புரிந்தது. ‘நல்லாப் பார்த்துப்பார்’ என்று நினைத்துக்கொண்டாள். உள்ளுக்குள் ஒரு குத்தல். அது குற்ற உணர்ச்சி என்று சொல்ல ஆசைதான். அதுவும் இருந்தது. ஆனால் தூக்கிக்கொண்டு போகிறாரே என்கிற பொறாமைதான் முன்னால் நின்றது.

இவ்வளவையும் மனதில் வைத்துக்கொண்டுதான் அவள் காப்பகத்தில் அந்த ஒன்றைப் பற்றி மட்டும் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். அவளைப் பொறுத்தவரை பட்டன்காரி பத்திரமாக இருந்தாள். வெளியே பூட்டு, உள்ளே தாழ்ப்பாள். அதைவிடப் பாதுகாப்பான இடம் உலகத்தில் ஏது? இடத்தைச் சொன்னால் அண்ணனுக்குக் கொடுத்த வாக்கு போகும், சொல்லாவிட்டால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. இப்படித்தான் போயிற்று அவள் கணக்கு.

புதன்கிழமை பட்டன்காரியின் அக்கா வந்தாள். பஸ் கண்டக்டர். டியூட்டியை முடித்துவிட்டுச் சீருடையோடு நேராக வந்திருந்தாள். நெரிசலில் கத்திக் கத்தித் தடித்துப்போன தொண்டை. காப்பக வாசலிலிருந்தே அவள் பேச்சு கேட்டது.

“நீதான் என் தங்கச்சி பக்கத்துல உக்காந்து தைச்சவளா?”

“ஆமாங்க்கா.”

“ரொம்பப் பேசுவாளே?”

காஜாக்காரிக்குத் தன்னையும் மீறிச் சிரிப்பு வந்தது. “வாயை மூடவே மாட்டா.”

“அதான் சொல்றேன். அவ வாயை மூடிட்டு இருக்கான்னா அவளால திறக்க முடியலைன்னு அர்த்தம். வேலை கிடைச்சிருக்குன்னு போனவ. ரெண்டு வருஷமா ஒரு வார்த்தை இல்லை. எந்த ஸ்டாப்புல வண்டி நின்னாலும் ஏறுற மூஞ்சியெல்லாம் பார்ப்பேன். இன்னிக்குக்கூட ஒருத்தியைத் தோளைத் தொட்டுத் திருப்பிப் பார்த்துத் திட்டு வாங்கினேன்.”

“கவலைப்படாதீங்கக்கா. அவ நல்லா இருப்பா. சாப்பாடெல்லாம் வேளைக்குக் கிடைக்கும்.”

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். கண்டக்டர் அக்கா அவளைக் கூர்ந்து பார்த்தாள்.

“யாரு குடுப்பா?” என்றாள்.

காஜாக்காரி தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா அவள் தோளைப் பிடித்து உலுக்கினாள், கெஞ்சினாள், கெட்ட வார்த்தையில் திட்டினாள், பிறகு சுவரில் சாய்ந்து வெறுமனே நின்றாள். கடைசியில் காப்பகத்துக்காரர்கள் அவளை வெளியே அழைத்துப் போனார்கள். அந்தக் கேள்வி மட்டும் போகவில்லை. காஜாக்காரி அதை ஒதுக்கித்தான் பார்த்தாள். அண்ணன் ஏதாவது ஏற்பாடு பண்ணியிருப்பார், எதையும் யோசிக்காமல் செய்கிறவரா அவர் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் இன்ஸ்பெக்டரிடம், “நான் அண்ணனைப் பார்க்கணும் மேடம், மாத்திரை குடுக்கணும்” என்றாள். இவளிடமாவது அவன் வாய் திறப்பான் என்று இன்ஸ்பெக்டர் சம்மதித்தார். காப்பகத்தில் கொடுத்த ரொட்டியையும் வாழைப்பழத்தையும் தான் சாப்பிடாமல் ஒரு காகிதத்தில் சுற்றி எடுத்துக்கொண்டு போனாள்.

லாக்கப்பில் அவன் தாடி மண்டி உட்கார்ந்திருந்தான். பெல்ட்டை வாங்கிக்கொண்டதால் பேண்டை ஒரு கையால் பிடித்தபடி எழுந்து வந்தான். பார்த்ததுமே அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. இப்படியா பார்க்க வேண்டும் இந்த மனுஷனை!

“வந்துட்டியா,” என்றான். “ஒருத்தியாவது வருவான்னு நினைச்சேன். அது நீதான்னும் தெரியும்.”

கம்பி வழியாக ரொட்டியை நீட்டினாள். அவன் அவசர அவசரமாகப் பிய்த்துத் தின்றான். வாழைப்பழத்தை அவளே உரித்துக் கொடுத்தாள். பெண் கான்ஸ்டபிள் சற்றுத் தள்ளி நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் சாப்பிடுவதைப் பார்க்கப் பார்க்கக் காஜாக்காரிக்கு வயிறு குளிர்ந்தது. பாவம், என்ன பசி. அடுத்த நொடியே, கண்டக்டர் அக்காவின் கேள்வி அந்தத் தடித்த குரலிலேயே காதில் விழுந்தது. ரொட்டி கொண்டுபோகிற மனுஷன் கம்பிக்கு அந்தப் பக்கம் இருக்கிறார். திங்கட்கிழமையிலிருந்து.

“அண்ணே, சின்ன ரூம்ல அவளுக்கு யாரு சாப்பாடு குடுக்கிறா?”

மென்றுகொண்டிருந்த வாய் நின்றது. “மெதுவாப் பேசு.”

“யாருகிட்டயாவது சாவி குடுத்திருக்கீங்களா?”

“அதெல்லாம் நீ யோசிக்காதே. வக்கீல் பார்த்துக்கிட்டு இருக்கார். அடுத்த வாரம் ஜாமீன் கிடைச்சுடும். வந்ததும் நான் பார்த்துக்கறேன்.”

“அதுவரைக்கும்?”

அவன் மறுபடி மெல்ல ஆரம்பித்தான். “டிரம்ல தண்ணி இருக்கும்.”

“சாப்பாட்டுக்கு?”

“இங்க பாரு தங்கச்சி.” பழம் இருந்த கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். “நீங்க எல்லாரும் என்ன சொன்னாலும் சமாளிச்சுக்கலாம். வேலை குடுத்தேன், தங்க இடம் குடுத்தேன்னு சொல்லிடலாம். ஆனா அவ கால் இருக்கிற நிலைமையில அவளைக் கோர்ட்டுல கொண்டு வந்து நிறுத்தினாங்கன்னா நான் அவ்வளவுதான். அவ இல்லைன்னா என் மேல கேஸே நிக்காது. புரியுதா? நீ எதையும் சொல்லிடாதே. உன்னை விட்டா எனக்கு யாரு இருக்கா?”

சொல்லிவிட்டு மிச்சப் பழத்தை வாயில் போட்டுக்கொண்டான்.

உன்னை விட்டால் யார் இருக்கிறார்கள் என்று அவன் ஒருநாள் தன்னிடம் சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் அவள் இத்தனை காலம் விரல் தேய உழைத்தாள், அடியை வாங்கிக்கொண்டு சிரித்தாள், திறந்த கதவை மூடினாள். இன்றைக்குச் சொல்லிவிட்டான். அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை.

“அண்ணே, ஒண்ணு கேக்கட்டுமா? அன்னிக்கு எனக்குக் காய்ச்சல் வந்து அந்த ரூம்ல கிடந்தேனே. அப்ப போலீஸ் உங்களைப் பிடிச்சிருந்தா, நான் அங்க இருக்கேன்னு சொல்லியிருப்பீங்கதானே?”

“இப்ப எதுக்கு அந்தப் பேச்செல்லாம்? மாத்திரை கொண்டு வந்தியா இல்லையா?” என்றான் அவன் சலித்துக்கொண்டு.

ஒரே ஒரு பொய் போதும். சொல்லியிருப்பேன்டா, உனக்காக என்ன வேண்டுமானாலும் செய்வேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவள் நம்பியிருப்பாள். அதை நம்பிக்கொண்டு அந்தக் காப்பகத்தில் வாயைத் தைத்துக்கொண்டு இருந்திருப்பாள். பட்டன்காரியும் அந்த இருட்டிலேயே முடிந்துபோயிருப்பாள். அந்தப் பொய்யைக்கூட அவன் அவளுக்காகச் செலவு செய்யவில்லை.

இன்ஸ்பெக்டர் கொடுத்தனுப்பிய மாத்திரையை நீட்டினாள். அவன் விழுங்கும்வரை நின்றாள். பிறகு நடந்துபோய் இன்ஸ்பெக்டரின் மேசை முன்னால் நின்றாள்.

“இடத்தைக் காட்டறேன். ஆனா அவரை அடிக்க மாட்டீங்கன்னு சொல்லுங்க. சொன்னாத்தான் வருவேன்.”

இன்ஸ்பெக்டர் அவளையே பார்த்தார். “அடிக்க மாட்டோம்.”

“வேளைக்கு மாத்திரை.”

“குடுக்கறோம்மா. கிளம்பு.”

ஜீப்பில் கண்டக்டர் அக்காவையும் ஏற்றிக்கொண்டார்கள். பின்னால் ஆம்புலன்ஸ் வந்தது. பெட்ரோல் நிலையம், டயர் கடை, பாலம் என்று காஜாக்காரி ஒவ்வொன்றாகக் கை காட்டினாள். கட்டிடத்தில் ஆள் அரவமே இல்லை. கம்பிகள் வானத்தைப் பார்த்து நின்றன. அடித்தளத்தில் தண்ணீர் தேங்கிப் பாசி பிடித்திருந்தது. இரும்புக் கதவில் தொங்கிய பூட்டை வெட்டினார்கள். கதவு அசையவில்லை. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது.

இன்ஸ்பெக்டர் கதவைத் தட்டினார். “அம்மா, நாங்க போலீஸ். பயப்படாதே. கதவைத் திற.”

உள்ளே கட்டிலை இழுக்கிற சத்தம் கேட்டது. அதைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறாள் என்று புரிய ஒரு நிமிடம் ஆனது. கண்டக்டர் அக்கா ஓடிவந்து கதவில் முகத்தை வைத்துக் கத்தினாள். “அடியே, நான்தாண்டி! அக்கா!”

“எங்க அக்காவுக்கு இந்த இடம் தெரியாது.” சருகு போன்ற குரல். “போயிடுங்க. என்கிட்ட நூல் வெட்டுற கத்தரி இருக்கு. உள்ளே வந்தீங்கன்னா கழுத்துல குத்திக்குவேன். எங்க அண்ணன் வருவார். வந்தா உங்களைச் சும்மா விட மாட்டார்.”

கதவைத் திறந்து “போயிடலாம் வாங்கடி” என்றவள் இவள்தானா? கண்டக்டர் அக்கா அப்படியே சிமெண்டு மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அந்தத் தடித்த தொண்டையிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. கதவை உடைக்கலாமா என்று போலீஸ்காரர்கள் கிசுகிசுத்தார்கள், கத்தரியை நினைத்துத் தயங்கினார்கள். காஜாக்காரி முன்னால் வந்தாள்.

“நான்டி. காஜா.”

குரல் கதவுக்கு அருகே வந்தது. “உன்னைப் பிடிச்சுட்டாங்களா?”

“இல்லை. வெளியே வா. அண்ணன் போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கார்.”

“பொய். அவரை யாரும் பிடிக்க முடியாது.”

இப்படிப் பேசினால் கதவு திறக்காது என்று காஜாக்காரிக்குத் தெரிந்துவிட்டது. உள்ளே தான் இருந்திருந்தாலும் திறந்திருக்க மாட்டாள். எது சொன்னால் திறப்பாள் என்பதும் தெரிந்தது. அதைச் சொல்ல நாக்கு கூசியது.

“அண்ணன்தான்டி என்னை அனுப்பினார். உன்னைக் கூட்டிட்டு வரச் சொன்னார்.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

கட்டில் மெல்ல மெல்ல நகர்ந்தது. தாழ்ப்பாள் விலகியது.

நாற்றம் முகத்தில் அறைந்தது. பட்டன்காரி ஒற்றைக் காலில் சுவரைப் பிடித்து நின்றாள். இன்னொரு கால் கணுக்காலிலிருந்து வேறு திசை பார்த்து வீங்கிக் கறுத்திருந்தது. உதடெல்லாம் வெடிப்பு. ரொட்டி உறையைக் கிழித்து உள்பக்கம் நக்கியிருந்தாள். டிரம் கவிழ்ந்து கிடந்தது. தோளில் அவனுடைய நீலச் சட்டை. அறையின் மூலையில் ஒரு சின்ன மேசை விசிறி இருந்தது. அந்த நிலைமையிலும் காஜாக்காரியின் கண் அந்த விசிறியில்தான் போய் நின்றது. எனக்கு விசிறி வைக்கவில்லையே என்று ஒரு நொடி வயிறு எரிந்தது. தன்னை நினைத்தே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

ஆம்புலன்ஸில் ஒரு பக்கம் அக்காவும் மறுபக்கம் காஜாக்காரியும் உட்கார்ந்தார்கள். நர்ஸ் பஞ்சை நனைத்து உதட்டில் வைத்துவிட்டு, காலைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். பட்டன்காரி அக்காவை ஒரு தடவை பார்த்தாள், அடையாளம் தெரிந்ததா என்றுகூடச் சொல்ல முடியாது. பிறகு காஜாக்காரியின் பக்கமே திரும்பிக்கொண்டாள்.

“விட்டுட மாட்டார்னு எனக்குத் தெரியும்,” என்றாள். “ஆர்டர் அதிகமா வந்திருக்கும், அதான் வர முடியலை. அவர்கிட்ட சொல்லு, யார் கூப்பிட்டும் நான் திறக்கலைன்னு. அவர் பேரைச் சொன்னப்புறம்தான் திறந்தேன்னு சொல்லு. என்ன, சொல்லுவியா?”

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு காஜாக்காரியைப் பார்த்தாள். நர்ஸ், இப்போது எதுவும் வேண்டாம் என்று கையால் ஜாடை காட்டினாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டால் போதும். அவள் நிம்மதியாகத் தூங்குவாள். கால் தேறியதும் நொண்டிக்கொண்டே போய் அவனுக்காகக் கோர்ட்டில் சாட்சி சொல்லுவாள். வாழ்நாள் முழுக்க, தன்னைக் காப்பாற்ற ஆள் அனுப்பியவன் என்று அவனை நினைத்துக்கொண்டிருப்பாள்.

“அவர் அனுப்பலைடி,” என்றாள் காஜாக்காரி. “கதவைத் திறக்கிறதுக்காகப் பொய் சொன்னேன். நான் அவர்கிட்ட உன்னைப் பத்திக் கேட்டேன். யார்கிட்டயும் சொல்லாதேன்னுட்டார். நீ இல்லைன்னா அவர் மேல கேஸே நிக்காதாம்.”

பட்டன்காரி அவளைக் கண்ணிமைக்காமல் பார்த்தாள்.

“நீ பொறாமையில சொல்றே. அவர் என்னைக் கவனிச்சுக்கிட்டது உனக்குப் பொறுக்கலை.”

அக்கா ஆவேசமாக எதையோ சொல்ல வந்தாள். காஜாக்காரி கையை நீட்டித் தடுத்தாள். கோபம் வரவில்லை அவளுக்கு. பொய்யா சொன்னாள் அந்தப் பெண்?

“ஆமாம், பொறாமைதான். உனக்கு ஃபேன் வெச்சிருக்கார், எனக்கு வைக்கலை. பார்த்ததும் வயிறு எரிஞ்சுது. இருந்தாலும் அவர் சொன்னது நிஜம்டி.”

பட்டன்காரி கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்றே நினைத்தார்கள். வண்டி ஒரு மேடு ஏறி இறங்கியது. கண்ணைத் திறக்காமலே அவள் கேட்டாள்.

“கோவத்துல சொன்னாரா? போலீஸ் அடிச்சுக் கிடிச்சு, அந்த வலியில சொல்லியிருப்பார்.”

காஜாக்காரி போர்வையை அவள் தோள்வரை இழுத்துவிட்டாள்.

“இல்லைடி. வாழைப்பழம் சாப்பிட்டுக்கிட்டே சொன்னார்.”

பட்டன்காரியின் மூடிய இமைகளுக்கு அடியில் கண்மணி இங்கும் அங்கும் ஓடிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து அவள் கை போர்வையிலிருந்து வெளியே வந்து, தடவித் தடவி, அக்காவின் சீருடை நுனியைப் பிடித்துக்கொண்டது. அக்கா குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

காஜாக்காரிக்குப் பிடித்துக்கொள்ள அந்த வண்டியில் யாரும் இல்லை. அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.